குளத்திலிருந்து தொடங்கும் ஊர்த்திட்டம்
வடமத்திய மாகாணத்துச் சிறு கிராமம் ஒன்றின் வாழ்வு, சேவைகள், வளர்ச்சி பற்றிய சில குறிப்புகள்

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். எமது ஊரில் கூலி வேலை செய்யும் ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் ஒரு கோரிக்கையை முன்வைத்தார். அவருக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. குடியிருக்கும் வளவிலோ இன்னொரு வீட்டுக்கு இடமில்லை. குளக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவே பற்றைக்காடாகக் கிடக்கும் துண்டைத் துப்புரவாக்கி, காணியில்லாத குடும்பங்களுக்கு வளவு பிரித்துக் கொடுக்க ஊர் சேர்ந்து முயற்சி செய்தால் என்ன என்பதே அவர் கேட்டது.

"சும்மா காடு புடிச்சிப் போய்க் கெடக்கிற எடம்தானே. நரியும் பன்டியும் இரிக்கிற எடத்துல மனிசன் இருந்தா என்ன?" என்றார் அவர்.

திண்ணையில் இருந்த வயதான விவசாயி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அது காடில்ல, மகன். அது கொளத்துட ஒரு உறுப்பு."

அன்று அந்தப் பேச்சு அதற்கு மேல் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் இடையில்தான் எமது கிராமங்களின் இன்றைய பிரச்சினை முழுவதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கேட்டவரின் தேவையும் நியாயமானது. மறுத்தவரின் அறிவும் உண்மையானது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதுதான் குறை. அந்தத் தாளை எப்படி எழுதலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் என்பதே ஒரு திட்டம்

அநுராதபுர மாவட்டத்தில் இக்கிரிகொல்லாவ, நேகம, நாச்சியாதீவு, கஹட்டகஸ்திகிலிய, ஹொரவப்பொத்தானை என்று முஸ்லிம்கள் வாழும் ஊர்கள் பல உண்டு. பெரும்பாலானவற்றைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். வீட்டில் தமிழ், சந்தையில் சிங்களம், மத்ரஸாவில் அரபு என்று மூன்று மொழிகளோடு பிள்ளைகள் வளர்வார்கள். தவளமாடு ஓட்டி வணிகம் செய்துவந்த மூதாதையர் பற்றிப் பேசும் குடும்பங்களும் உண்டு. ஆதியிலிருந்தே வயல்தான் எங்களுக்கு என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. எதுவாயினும் இங்கே குடியேறிய எவரும் குளத்தை அண்டித்தான் குடியேறினார்கள். ஊர்ப் பெயர்களே அதற்குச் சாட்சி. 'வெவ' என்றும் 'குளம' என்றும் முடியும் பெயர்களை இம்மாவட்டத்தில் எண்ணி முடியாது.

காரணம் எளிது. இது உலர் வலயம். வருடத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக் காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை வானம் வெளிறிக் கிடக்கும். நான்கு மாதத்து மழையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டுக்கொள்ளக் கண்ட வழிதான் குளம்.

ஆனால் குளம் என்றால் கட்டும் தண்ணீரும் மாத்திரம் அல்ல. ஒரு பள்ளத்தாக்கின் மேலிருந்து கீழ்வரை குளங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். மேற்குளத்து வான் நீரும் வயலில் வடிந்த நீரும் கீழ்க்குளத்தில் சேரும். ஒரு துளி பல தடவை பயன்படும். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இந்தச் சங்கிலி அமைப்பை எடுத்து விளக்கிய பின்னரே ஆய்வாளர்கள் தனிக் குளத்தை விட்டுத் தொடர்க் குளங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு இந்தத் தொடர்க்குளக் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு குளத்துக்கும் உறுப்புகள் உண்டு. நீர் வந்து சேரும் மேல்புறத்தில் மரக்கூட்டம் இருக்கும். சிங்களத்தில் 'கஸ்கொம்மன' என்பார்கள். அது காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும். அதற்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு புல்வெளி. மழை வெள்ளத்தோடு வரும் மண்ணை அது வடிகட்டி நிறுத்தும். மேலே காட்டுக்குள் சிறு குளம் ஒன்று இருக்கும். அதில் பயிர்ச்செய்கை இல்லை. வண்டலைப் பிடிக்கவும், காட்டு விலங்குகள் தாகம் தீர்க்கவும் விட்டது அது. விலங்குக்கு அங்கேயே தண்ணீர் கிடைத்தால் ஊருக்குள் வரும் தேவை குறையும். யானைத் தொல்லை பற்றிப் பேசுகின்ற இந்நாளில் இது யோசிக்க வேண்டிய விடயம்.

கட்டுக்குக் கீழே இருப்பதுதான் அன்று பேச்சுக்கு வந்த துண்டு. சிங்களத்தில் அதற்கு 'கட்டகடுவ' என்று பெயர். குளக்கட்டினூடாகக் கசியும் நீரில் உப்பும் இரும்பும் கலந்திருக்கும். அந்த ஈரத்தில் வளரும் மரம், செடி, தாழை எல்லாம் அவற்றை உறிஞ்சிக்கொண்டு, வயலுக்குப் போகும் நீரைத் திருத்தி அனுப்பும். அதை வெட்டி வீடு கட்டினால் மூன்று இழப்பு. வயல் சில வருடங்களில் உவராகும். மலசலகூடக் குழியின் கழிவு ஊர்க் கிணற்று ஊற்றில் கலக்கும். கட்டு எப்போதாவது உடைந்தால் முதலில் போவது அந்த வீடுகள். 1957 டிசம்பர் வெள்ளத்தில் நாச்சியாதீவுக் குளமே உடைத்துக்கொண்டதை இப்பகுதி மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆக, பற்றைக்காடு என்று நாம் நினைத்தது வெறுங்காடு அல்ல. முன்னோர் திட்டமிட்டு ஒதுக்கிய நிலம். வரைபடமும் அமைச்சும் இல்லாத காலத்தில், எங்கே வீடு, எங்கே வயல், எங்கே சேனை, எங்கே மாட்டுக்கு மேய்ச்சல் என்று வகுத்து வைத்தார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் துருசுக்கு அண்டிய வயலை மாத்திரம் விதைத்து, அதையே எல்லாப் பங்காளிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் 'பெத்ம' என்ற முறை அதன் உச்சம். என் வயல் கடைக்கோடியில் இருக்கிறது என்பதற்காக என் பிள்ளை பட்டினி கிடக்காது. சட்டப் புத்தகத்துக்கு முன்பே நடைமுறையில் இருந்த நீதி இது.

திட்டம் துண்டு துண்டானது

இந்த முழுமை எப்போது கலைந்தது? ஒரே நாளில் அல்ல. 1840இன் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமையாகக் கருதியது. குளத்தின் மேல்புறக் காடு அன்றே ஊரின் கையை விட்டுப் போனது. 1958இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டு வந்தபோது வட்டவிதானை என்ற பழைய பதவி போனது. அவரிடம் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் துருசு எப்போது திறப்பது, கட்டை யார் திருத்துவது, யாருடைய மாடு வயலில் இறங்கியது என்பதெல்லாம் ஒரே ஆளிடம் இருந்தன. 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். கிராம சபைகள் 1980களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டன. 1987இன் சட்டத்தின் மூலம் வந்த பிரதேச சபை, பல பத்துக் கிராமங்களுக்கு ஒன்று.

இன்று நிலைமை இதுதான். சிறு குளத்துக்குப் பொறுப்பு கமநல அபிவிருத்தித் திணைக்களம். அரச காணிக்குப் பிரதேச செயலகம். காட்டுக்கு வனத் திணைக்களம் அல்லது வனஜீவராசிகள் திணைக்களம். உள்ளூர்ப் பாதைக்கும் தெருவிளக்குக்கும் பிரதேச சபை. பாடசாலைக்கு வலயக் கல்வி அலுவலகம். ஒவ்வொருவரிடமும் ஊரின் ஒரு துண்டு இருக்கிறது. முழு ஊரும் ஒருவரிடமும் இல்லை. பாதைக்குக் கொங்கிறீட் போடுகிறவர் வான் நீர் எந்தப் பக்கத்தால் போகும் என்று கேட்பதில்லை. குளத்தை ஆழமாக்க வருகிறவர் தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று யோசிப்பதில்லை. அளவுக்கு மேல் தோண்டினால் அடிக் களிமண் படை அறுந்து நீர் நிலத்துக்குள் இறங்கிவிடும் என்று மூத்தவர்கள் சொன்னாலும் இயந்திரத்துக்கு அது கேட்பதில்லை.

சேவையைத் தூரத்தால் அளப்போம்

கிராமத்தில் என்னென்ன சேவை இருக்கிறது என்று பட்டியல் போட்டால் குறை தெரியாது. பாடசாலை உண்டு, மருந்தகம் உண்டு, பஸ் உண்டு என்று எழுதிவிடலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு, எந்த மொழியில்?

ஊர்ப் பாடசாலையில் சாதாரண தரம் வரை படிக்கலாம் என்றால், அதற்குப் பிறகு கணிதமோ விஞ்ஞானமோ தமிழ் மொழியில் உயர்தரம் படிக்க விரும்பும் பிள்ளை பெரும்பாலும் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. ஆண் பிள்ளை உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொள்வான். பெண் பிள்ளைக்கு அந்தத் தூரமே படிப்பின் முடிவாகிவிடுகிறது. பாட ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால், அந்த இடம் நிரம்புவதற்குள் ஒரு வகுப்பே பரீட்சைக்குப் போய்விடும்.

வைத்தியத்திலும் அப்படித்தான். 2016இல் ஆரம்பமாகிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கிராமங்களுக்குப் பெரும் ஆறுதல். முன்பு நள்ளிரவில் பிரசவ வலி என்றால் முச்சக்கரவண்டிக்காரரின் கதவைத்தான் தட்டுவோம். ஆயினும் மழைக்காலத்தில் வான் பாயும் ஓடையைக் கடக்க மதகு இல்லாத ஊருக்குள் அம்புலன்ஸ் எப்படி வரும்? இங்கே வைத்திய சேவையின் குறை, உண்மையில் ஒரு மதகின் குறை.

மொழியும் ஒரு தூரம்தான். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் இடங்களிலும் ஒருவர் தமிழில் தொடர்பு கொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்துடையவர். நடைமுறையில் எமது தாய்மார் சிங்களப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்பித் தர ஆள் தேடுகிறார்கள். அஸ்வெசும விண்ணப்பத்தில் ஒரு கூட்டில் தவறாகப் போட்ட புள்ளடியினால் உதவி தவறிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. ஊரில் படித்த இரண்டு இளைஞர் வாரத்தில் ஒரு மாலை பள்ளிவாசல் வளவில் அமர்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்தால், ஒரு சதச் செலவில்லாமல் அந்தத் தூரம் குறையும்.

குடிக்கும் நீர்

1990களிலிருந்து மதவாச்சி, பதவிய போன்ற இடங்களில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயிகளைத் தாக்கத் தொடங்கியது. நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனம், கடும் வெயிலில் நீர் குடிக்காமல் உழைப்பது என்று பலவற்றை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஒன்றையே காரணமாக எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கு ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்து, கலனில் நீர் வாங்கிக் குடிப்பது பழக்கமாகிவிட்டது. அது நல்லதுதான். ஆனால் அந்த இயந்திரமும் நிலத்தடி நீரைத்தான் இழுக்கிறது. வடிகட்டிய கழிவு நீரை எங்கோ விட வேண்டும். வடிகட்டியைக் காலத்துக்குக் காலம் மாற்றப் பணம் வேண்டும்.

குளத்தில் நீர் இருந்தால் கிணற்றில் நீர் இருக்கும். "கொளம் நெறஞ்சாத்தான் கெணறு நெறயும்" என்று எனது உம்மும்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே குளம் வயல்காரருக்கு மாத்திரம் உரியதல்ல. ஒரு துண்டு வயலும் இல்லாத வீட்டுக்காரியின் குடத்திலும் குளத்தின் பங்கு இருக்கிறது. போக ஆரம்பத்தில் நடக்கும் 'கன்னக் கூட்டத்தில்' விதைப்புத் திகதியும் துருசு திறக்கும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. குடிநீருக்காகக் குளத்தில் எவ்வளவு நீரை மிச்சம் வைப்பது என்பதையும் அங்கேயே தீர்மானிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பெண்களின் குரலும் கேட்க வேண்டும்.

காணியும் பிள்ளைகளும்

இனி அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருவோம். அவருக்கு ஏன் இடமில்லை?

குளத்தின் கொள்ளளவு கூடாது; ஆகவே அதன் கீழுள்ள வயலும் கூடாது. குடும்பங்கள் மாத்திரம் கூடின. மேட்டுக் காணியின் பெரும்பகுதி 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது. அந்தக் காணியை விரும்பியபடி துண்டாட முடியாது. பின்னுரித்தாளர் என்று ஒருவரைப் பெயர் குறிக்க வேண்டும். குறிக்காமல் மௌத்தாகிவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி மூத்த ஆணுக்கே முதலிடம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. எமது மார்க்கச் சட்டப்படி மகளுக்கும் பங்குண்டு என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, இந்தக் காணியில் அந்தப் பங்கு செல்லுபடியாகவில்லை. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் ஆண், பெண் என்ற பாகுபாட்டை நீக்கியது. இது பலருக்கு இன்னும் தெரியாது. அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பின்னுரித்தைப் பதிந்துகொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உதவி. பிற்காலச் சகோதரச் சண்டையையும் அது தடுக்கும்.

ஆக, "கட்டுக்குக் கீழே கட்டாதே" என்று சொல்வது இலகு. எங்கே கட்டுவது என்று சொல்லாத வரை அது பதில் ஆகாது.

ஊர் எழுதும் வரைபடம்

ஒக்டோபர் மழைக்கு முன் ஊர் இளைஞர்களும் நான்கைந்து மூத்தவர்களும் இரண்டு விடுமுறை நாட்களில் ஊரை நடந்து பார்த்தோம். குளம் நிரம்பும் எல்லை, வான் நீர் ஓடும் தடம், பழைய மரக்கூட்டம், கட்டகடுவ, மையவாடி, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் குறித்தோம். அதன் பிறகுதான் தெரிந்தது: வீடு கட்டக் கூடாத இடங்களை நிறம் தீட்டி மறைத்த பின்பும், ஊரின் மேற்குப் பக்கத்தில் வெள்ளம் ஏறாத சரளை மேடு ஒன்று மிஞ்சியிருக்கிறது. அது அரச காணி, காடும் அல்ல. அங்கே யாரும் போகாததற்கு ஒரே காரணம், இடையில் வான் ஓடை. மதகு இல்லை, மின்கம்பம் இல்லை, நீர்க்குழாய் இல்லை.

திட்டமிட்ட வளர்ச்சி என்று பெரிய அறிக்கைகளில் எழுதுவது கிராமத்தில் இவ்வளவுதான்: எங்கே போகக் கூடாது என்று முதலில் ஒப்புக்கொள்வது; எங்கே போகலாமோ அங்கே பாதையையும் நீரையும் வெளிச்சத்தையும் முன்கூட்டியே கொண்டுபோய் வைப்பது. வீடு வந்த பிறகு பாதை கேட்டு அலைவதை நாம் இதுவரை வளர்ச்சி என்று எண்ணி வந்திருக்கிறோம்.

இதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த கமக்காரர் அமைப்புக்குச் சட்ட அந்தஸ்து உண்டு. பள்ளிவாசல் நிர்வாகம், கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் மூன்றும் கையொப்பமிட்ட ஒரு வரைபடம், தனி மனிதர் ஒருவரின் கடிதத்தை விடக் கனமானது. அதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் பிரதேச சபைக்கும் ஒரே பிரதியைக் கொடுக்க வேண்டும். வேலை ஒன்று ஒதுக்கப்பட்டால் அதன் மதிப்பீடு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம்.

இன்னொன்று. எமது குளத்துக்கு நீர் வருவது மேலே உள்ள சிங்களக் கிராமத்துக் குளத்திலிருந்து. எமது வான் நீர் போவது கீழே உள்ள இன்னொரு கிராமத்துக்கு. தொடர்க்குளத்தில் எவரும் தனி ஊர் அல்ல. மேலூரார் மரக்கூட்டத்தை வெட்டினால் எமது குளம் தூர்ந்துபோகும். நாம் ஓடையை மறித்தால் கீழூரார் வயல் காயும். 2017இல் தொடங்கி மல்வத்து ஓயா, யான் ஓயா, மீ ஓயாப் படுகைகளில் ஐ.நா. உதவியுடன் குளங்களைத் தொடர் தொடராகப் புனரமைத்தார்கள். 2018இல் திறந்துவைக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்தின் நீரை வடமத்திய மாகாணத்துக் குளங்களுக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டமும் இருக்கிறது. அந்த நீர் ஒருநாள் வந்தாலும், அதைப் பங்கிடப் போகிறவர்கள் இந்த அயல் ஊரார்தான். அரசியல் மேடைகளில் எவ்வளவு கசப்பு வளர்ந்தாலும், துருசு திறக்கும் நாளை இரு தரப்பும் பேசித்தான் ஆக வேண்டும். எமது வரைபடத்தை மேலூர் விகாரையின் தாயக சபையினரிடமும் காட்டினோம். அவர்கள் தங்கள் பக்கத்து ஓடையின் பெயரை அதில் எழுதித் தந்தார்கள்.

மதகு இன்னும் வரவில்லை. கடிதம் கொடுத்திருக்கிறோம், கேட்டுக்கொண்டிருக்கிறோம். மேட்டுக் காணிக்கு அனுமதி கிடைக்குமா என்பதும் முடிவாகவில்லை. அந்த மகளின் நிகாஹ் நடந்துவிட்டது. வாப்பாவின் வீட்டு முன்விறாந்தையைத் தகரத்தால் மறைத்து, அந்த அறையில்தான் இருவரும் குடியிருக்கிறார்கள். அவளுடைய வாப்பாதான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு அந்த மேட்டில் நடந்தவர். இப்போது கட்டுக்குக் கீழே யாராவது கத்தியோடு போனால் முதலில் தடுப்பவரும் அவர்தான். "நான் கேட்டது பிழையில்ல. கேட்ட எடந்தான் பிழை" என்கிறார்.

அவருக்குச் சரியான இடத்தைக் கொடுக்க வேண்டியது ஊரின் கடமை. இன்னும் இரண்டு பிள்ளைகள் அந்த வீட்டில் வளர்கிறார்கள்.